ஒன்பதரைப் பென்னி

ஆயிரத்து எண்ணூற்று நாற்பதாம் வருஷம் ஜனவரி மாதம் பத்தாம் தேதி வரைக்கும் ஸ்காட்லாந்தின் ஆர்ட்காரிக் ஊரில் நன்றிகெட்ட பிள்ளை என்று ஒருவன்கூடக் கிடையாது. அந்த மாதம் முடிவதற்குள் நூற்று நாற்பது பேர் ஆகிவிட்டார்கள். தலை எண்ணியவர் போஸ்ட்மாஸ்டர் நினியன் ஸ்கூகல். எண்ணுவதில் அவர் தப்புப் பண்ணி யாரும் பார்த்ததில்லை.

அதுவரை நடந்த வழக்கம் இதுதான். கடிதம் போடுகிறவன் காசு கொடுக்க மாட்டான். வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும். தூரத்துக்கு ஒரு விலை, தாளுக்கு ஒரு விலை. நினியன் ஒவ்வொரு கடிதத்தையும் மெழுகுவர்த்திக்கு முன்னால் தூக்கிப் பிடித்து உள்ளே எத்தனை தாள் என்று பார்ப்பார். இருபத்தாறு வருஷப் பழக்கத்தில் உள்ளே இருப்பது சாவா கல்யாணமா என்பதுகூடத் தெரிந்துவிடும். சாவுக் கடிதத்துக்குச் சுடர் கொஞ்சம் தலை குனியுமாம். இது போதாதென்று ஸ்காட்லாந்துக்கு மட்டும் நாலு சக்கரத் தபால் வண்டிக்கென்று கடிதத்துக்கு அரைப் பென்னி கூடுதல். அதை எதிர்த்து ஒரு வண்டிக்காரன் ஒரு சக்கரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மூன்று சக்கரத்தில் பதினெட்டு மைல் தபால் ஓட்டினான். அவன் வாதத்தில் ஜெயித்தான். வண்டி இன்னும் ஆற்றில்தான் கிடக்கிறது.

அனுப்புகிறவனே முன்கூட்டிக் காசு கட்டலாம், தடையில்லை. ஆனால் அப்படிக் கட்டினால், வாங்குகிறவரைப் பார்த்து "உன்னிடம் ஏது காசு?" என்று கேட்ட மாதிரி. ஆர்ட்காரிக்கில் அதற்காக ஒரு கல்யாணமே நின்றிருக்கிறது.

ஆகையால் லிவர்பூலுக்கும் லீத்துக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் வருஷக்கணக்காக ஒரு வரி எழுதாவிட்டால் ஊரில் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். படகுத்துறையில் ஹெர்ரிங் மீனுக்கு வயிறு கிழிக்கும் எப்பி, தன் மூன்று மகன்களைப் பற்றிப் பதினோரு வருஷமாக ஒரே பேச்சுத்தான் பேசி வந்தாள். "மூணும் தங்கம். அம்மாவுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு மூச்சுக்கூட விடாம இருக்குதுங்க. ஒருத்தனாவது கடிதம் போட்டு என்னை ஓட்டாண்டியாக்கணுமே, மாட்டானுங்க!"

இந்த நிம்மதியான ஊரின் பாராளுமன்ற உறுப்பினர் லட்விக் பெத்யூன். குன்றின் மேல் வீடு, கீழே கொஞ்சம் நிலம், நடுவில் நிறைய மூக்கு. நினியனுக்குப் போஸ்ட்மாஸ்டர் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை; நினியனும் ஒரு நாளும் மறந்ததில்லை.

பெத்யூனுக்கு ஒரே மகள், கிரிசெல். டண்டீயிலிருந்து பாய்த்துணி விற்க வந்த ஃபென்டன் என்ற நெசவுக்காரன் கப்பல் பட்டறையில் பதினோரு நாள் தங்கித் துணியை அளந்தான். இரண்டு நாளில் முடிகிற அளவு அது. அவன் ஊர் திரும்பிய பிறகு அங்கிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. மொத்தம் ஏழு. மேலே கிரிசெலின் பெயர். ஒன்றுக்கு ஒன்பதரைப் பென்னி. நெசவுக்காரனின் ஒரு நாள் கூலியில் முக்கால் பங்கு. பாராளுமன்ற உறுப்பினருக்கு வரும் தபால் இனாம். ஆனால் அவர் மகளுக்கு வருவது இனாம் இல்லை. வீட்டுக்குப் போகும் பையோடு சேர்த்துக் காசைக் கட்டியவர் பெத்யூன். முதல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நினியனிடம் சொன்னார்:

"காசு கொடுத்தவனுக்குத்தான் கடிதம், நினியன். கசாப்புக் கடையில காசு கொடுத்தவன்தானே கறியைத் தூக்கிட்டுப் போறான்?"

"ஆமாங்க ஐயா," என்றார் நினியன்.

கிரிசெல் வாரம் ஒரு தடவை தபால் ஜன்னலுக்கு வருவாள். "எனக்கு ஏதாவது வந்துதா, நினியன்?"

"ஒண்ணும் வரலைம்மா."

இதை அவர் ஏழு தடவை சொன்னார். எட்டாவது தடவை சொல்ல வாய் திறந்தபோது, வரிசையில் அவளுக்குப் பின்னால் இரண்டு ஆள் தள்ளி ஃபென்டனே நின்றிருந்தான். டண்டீயிலிருந்து நடந்தே வந்திருந்தான். செருப்பு இருந்த இடத்தில் செருப்பின் ஞாபகம் மட்டும் இருந்தது.

"போஸ்ட்மாஸ்டரய்யா, ஏழு கடிதம் போட்டேனே, அதெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

கிரிசெல் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு நினியனைப் பார்த்தாள். நினியன் முத்திரைக் கட்டையைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று மாலையே அவள் வீட்டை விட்டுப் புறப்பட்டாள். தபால் பையோடு வாசலில் நின்ற நினியனுக்கு எல்லாம் காதில் விழுந்தது.

"பணம் கட்டினது நான். அதனால அது என்னுது," என்றார் பெத்யூன்.

"சரிப்பா. அப்போ என் கடிதத்துக்கு நீங்க இனிமே காசே கட்ட வேண்டாம். உங்க இனாம் பையிலயும் என் எழுத்து வராது. ஊர்ல எல்லாரும் கட்டுற காசை நானே கட்டி எழுத முடியுற அன்னிக்கு எழுதுறேன்."

"நெசவுக்காரன் பெண்டாட்டி ஒன்பதரைப் பென்னி கொடுத்து எழுதுவியா?"

"அதான் நான் சொல்றது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேறு அப்பனாக இருந்தால் ஒன்று மன்னிப்புக் கேட்டிருப்பான், அல்லது குடித்திருப்பான். பெத்யூன் பாராளுமன்றத்துக்குப் போனார். மகள் வராததற்குக் காரணம் அந்த ஒன்பதரைப் பென்னி என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஆகவே ஒன்பதரைப் பென்னியைத் தொலைத்தாக வேண்டும். நாட்டையே திருத்துவது, மகளிடம் ஒரு வார்த்தை சொல்வதைவிட அவருக்குச் சுலபமாகத் தோன்றியது.

ஏழு வருஷம். லண்டனில் அவர் எழுந்து நின்றால், மற்ற உறுப்பினர்கள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொள்வார்களாம். ஒரு தடவை அவர் தபால் கட்டணம் பற்றி ஐந்து மணி நேரம் பேசினார். அவைத்தலைவருக்குத் தூக்கத்திலேயே தாடி ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டது என்று அங்கே போய்வந்தவர்கள் சொன்னார்கள். நிலத்தில் பாதி போயிற்று. மனு அச்சடிக்க, கூட்டம் போட, விஸ்கி ஊற்ற. அவர் பேச்சில் ஒரு ஏழைப் பெண் எப்போதும் வருவாள். தூர ஊரில் இருப்பாள். அப்பாவுக்கு எழுதத் துடிப்பாள். கையில் காசு இருக்காது. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தப் பெண் யார் என்று ஆர்ட்காரிக் முழுவதும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறக்காததற்குக் காரணமும் உண்டு.

பாராளுமன்ற உறுப்பினர் ஒரு கடிதத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டால் அது இனாமாகப் போகும். ஒரு நாளைக்குப் பத்து. ஆகவே காலை ஆறு மணியிலிருந்து அவர் வாசலில் கூட்டம். பாதிரியார் வருவார், பாரிஸ்டர் வருவார், எழுதவே தெரியாதவர்கள்கூட எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கையெழுத்து வாங்கிப்போய்ப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். ஒரு விதவை உப்புப் போட்ட பன்றித் தொடை ஒன்றின் தோலில் கையெழுத்து வாங்கி எடின்பரோவுக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது. அவர் கையெழுத்தைத் தெரியாதவர் ஸ்காட்லாந்தில் ஒருவரும் இல்லை. ஊரில் அவருக்கு இத்தனை சிநேகிதர்கள் எப்படி என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள்.

ஒரு நாள் நினியன் மெல்லச் சொல்லிப் பார்த்தார்: "ஐயா, ஒரு பென்னி சட்டம் வந்தா உங்க இனாம் கையெழுத்தும் போயிடுமாமே."

"போகட்டுமே. அது இல்லாட்டி என்னை யாரும் மதிக்க மாட்டாங்களா என்ன?"

நினியன் மெழுகுவர்த்தியின் திரியைக் கிள்ளினார்.

சட்டம் வந்தது. எங்கிருந்து எங்கே போட்டாலும் ஒரு பென்னி. கட்ட வேண்டியது அனுப்புகிறவர். புகழெல்லாம் லண்டனில் வேறொருவருக்குப் போயிற்று. பெத்யூன் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஜனவரி பத்தாம் தேதிக்கு அடுத்த நாள் முதல் தினமும் பதினோரு மணிக்குத் தபால் ஜன்னலில் வந்து நின்றார். கையெழுத்துக்கு மதிப்பில்லாமல் போன பிறகு அவர் வாசலில் புல் முளைத்துவிட்டது. வீட்டில் இருந்து என்ன செய்வது?

"வந்துதா?"

"நாப்பத்தெட்டு வந்திருக்குங்க ஐயா."

ஒரு பென்னிதானே என்று நாட்டில் உள்ளவர்கள் எல்லாரும் அவருக்கு எழுதினார்கள். பெர்த் ஊர்க்காரர் ஒருவர் கடல்நாயைப் பழக்கித் தீவுகளுக்குத் தபால் அனுப்பலாம் என்று யோசனை சொன்னார். கூடவே கடல்நாயின் சம்பள விவரம். இரண்டு பேர் கடன் கேட்டார்கள். ஒருவன் எட்டுப் பக்கம் திட்டியிருந்தான்.

"டண்டீ முத்திரை?"

"இல்லைங்க ஐயா."

"பேனா வாங்கியிருக்க மாட்டா. ஏழு வருஷம் எழுதாத கை, சட்டுனு வராது."

பிப்ரவரியில் பனி காரணம். மார்ச்சில் பனி உருகிய சேறு காரணம். மார்ச் கடைசியில் ஒரு நாள் அவர் ஜன்னலில் நிற்கும்போதே எப்பி வந்தாள். கையில் துறையிலிருந்து கொண்டுவந்த ஹெர்ரிங் ஒன்று.

"ஏப்பா நினியன், இப்போ காசு யார் கட்டணும்?"

"அனுப்புறவங்க."

"லிவர்பூல்லேர்ந்து எவ்வளவு?"

"ஒரு பென்னி."

"எனக்குச் செலவே இல்லை?"

"இல்லை, எப்பி."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "மூணு பேர் இருக்கானுங்க. மூணு பேர்கிட்டயும் சேர்த்து ஒரு பென்னி இருக்காது?"

நினியன் முத்திரைக் கட்டையைத் துடைத்தார்.

எப்பி பெத்யூன் பக்கம் திரும்பினாள். "பதினோரு வருஷமா என் பிள்ளைங்க நல்ல பிள்ளைங்களா இருந்தானுங்க, ஐயா. ஒரே நாள்ல கெடுத்துட்டீங்களே."

"எப்பி, நான் நல்லதுக்குத்தான்…"

"யார் கேட்டது உங்க நல்லதை? எழுத முடியலைன்னு இருந்தேன். எழுதலைன்னு ஆக்கிட்டீங்க. இந்தாங்க, உங்க ஒரு பென்னிக்கு." மீனை அவர் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனாள். தலை வெளியே தெரிந்தது.

அதற்கப்புறம் அவர் தெருவில் நடந்தால் துறைப்பக்கத்துப் பெண்கள் மீன் தலைகளை வீசினார்கள். வீசியவர்கள் எல்லாருக்கும் எங்கேயோ ஒரு பிள்ளை இருந்தான். அடுத்த வருஷத் தேர்தலில் முப்பத்தோரு வோட்டில் பெத்யூன் தோற்றார். பெண்களுக்கு வோட்டு இல்லைதான். ஆனால் வோட்டு உள்ள ஆண்கள் அவர்கள் சமைத்ததைத்தான் சாப்பிட வேண்டியிருந்தது.

தோற்ற பிறகும் பதினோரு மணிக்கு வந்து நின்றார். இப்போது கடிதங்களும் குறைந்துவிட்டன. கடல்நாய்க்காரர்கூட வேறு உறுப்பினருக்கு எழுதப் போய்விட்டார்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்று அக்டோபரில் வந்தது. மூலையில் ஒட்டிய ஒரு பென்னித் தபால்தலை, டண்டீ முத்திரை, கிரிசெலின் கை. நினியன் பழக்கதோஷத்தில் அதை மெழுகுவர்த்திக்கு முன்னால் பிடித்தார். ஒரே தாள். சுடர் குனிந்தது.

"பார்த்தியா, எழுதிட்டா!" என்றார் பெத்யூன். "ஒன்பதரைப் பென்னிதான் நினியன் காரணம். நான் சொன்னேனே. யாராவது நம்பினீங்களா? கண்ணாடியை வீட்ல விட்டுட்டேன். நீயே படி."

நினியன் படித்தார்:

"அப்பாவுக்கு. ஃபென்டன் ஆகஸ்டில் காய்ச்சலில் இறந்துபோனார். அவர் கைப்பட எழுதியது வீட்டில் எதுவும் இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் எதற்குக் கடிதம் எழுதிக்கொள்ளப் போகிறார்கள்? அவர் எனக்கு எழுதிய ஏழும் உங்களிடம் இருக்கின்றன. அனுப்பிவையுங்கள். இப்போது ஏழு பென்னிதான் ஆகும். கிரிசெல்."

கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"எங்கேங்க ஐயா அந்த ஏழும்?"

"எரிச்சுட்டேன். அவ போன அன்னிக்கே."

"அப்போ அதை எழுதிடுங்க. எரிச்சுட்டேன், தப்புத்தான்னு. ரெண்டு வரி."

"பைத்தியமா உனக்கு? அப்புறம் அவ எனக்கு எழுதுவாளா?" பெத்யூன் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஏழும் மனப்பாடம், நினியன். ஒவ்வொண்ணையும் இருபது தடவை படிச்சிருக்கேன்."

"எரிக்கப்போற கடிதத்தை எதுக்குங்க ஐயா இருபது தடவை?"

பெத்யூன் தெருவைப் பார்த்துச் சொன்னார்: "நல்லா எழுதுவான்."

நினியனின் மேசையிலேயே உட்கார்ந்து ஒன்பது நாள் எழுதினார். சில சமயம் எழுதியதை வாய்விட்டுப் படிப்பார். "'பாய்த்துணியில் ஓர் இழை விட்டுப்போனால் நடுக்கடலில்தான் தெரியும் என்பார் எங்கள் அப்பா. உன் பதில் வராத ஒவ்வொரு வாரமும் எனக்கு ஓர் இழை விட்டுப்போகிறது.' எப்படி? நெசவுக்காரன்!" நெசவுக்காரன் கை மாதிரி எழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். அது சாயவில்லை. பன்றித் தொடையில் போட்ட அதே கை, நிமிர்ந்து நின்றது.

"ஐயா, இந்தக் கையை அவளுக்குத் தெரியாதா?" என்றார் நினியன்.

"சேதி அவனுது. கை யாருதா இருந்தா என்ன?"

ஏழு உறை, ஏழு தலை. ஒவ்வொன்றையும் அவரே நக்கி ஒட்டினார். கறுத்துப்போன நாக்கோடு அவற்றைப் பெட்டியில் போட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆறு திரும்பி வந்தன. பிரிக்கவே இல்லை. 'வாங்க மறுத்துவிட்டார்' என்று டண்டீ தபால்காரன் குறுக்கே எழுதியிருந்தான்.

நினியனுக்கு ஒரு சிக்கல். பழைய நாளில் காசு கட்ட மாட்டேன் என்று எவரும் மறுக்கலாம். அதற்கு ஏடு இருந்தது. காசு கட்டி வந்த கடிதத்தை ஒருவர் ஏன் மறுக்கப்போகிறார் என்று புதுச் சட்டத்தில் அதற்கு இடமே வைக்கவில்லை. அவர் பெத்யூனிடமே கேட்டார்: "இதை எந்த ஏட்டில எழுதுறதுங்க ஐயா? நீங்க போட்ட சட்டம்தானே."

பெத்யூன் ஆறையும் எண்ணினார். திரும்ப எண்ணினார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஆறுதான் இருக்கு, நினியன்."

"ஆமாங்க."

"ஒண்ணு வச்சுக்கிட்டா."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஏழாவது வந்தது. புது உறை, கிரிசெலின் கை. தலை ஒட்டவில்லை. தலை ஒட்டாமல் வந்தால் வாங்குகிறவர் இரண்டு மடங்கு கட்ட வேண்டும், இரண்டு பென்னி. அவள் காசில்லாமல் அப்படி அனுப்பவில்லை என்பது நினியனுக்குப் புரிந்தது. உறை சரியாக ஒட்டப்படவும் இல்லை. மெழுகுவர்த்திக்கு அவசியம் இருக்கவில்லை.

உள்ளே பெத்யூன் எழுதிய முதல் கடிதம். அதன் பின்பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்:

"நான் கேட்டது அவர் கையெழுத்தை. எரித்துவிட்டீர்கள் என்று தெரிந்துகொண்டேன். ஒன்பதரைப் பென்னி இல்லாமல்தான் நான் இத்தனை வருஷம் எழுதவில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வந்தீர்களாம். ஏழு வருஷத்தில் அந்தக் காசு எனக்கு எத்தனையோ தடவை கிடைத்தது. இது என் கடைசிக் கடிதம். இதற்கு நீங்களே காசு கொடுங்கள். அப்போதுதான் இது உங்களுடையது ஆகும்."

பதினோரு மணி அடித்தது. பெத்யூன் சவரம் செய்துகொண்டு, நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். பையில் மீன் இல்லை.

"ஏதாவது வந்துதா, நினியன்?"

நினியன் ஜன்னலுக்குக் கீழே மேசை இழுப்பறையை முழங்காலால் தள்ளி மூடினார்.

"ஒண்ணும் வரலைங்க ஐயா."

"வராது. வச்சுக்கிட்டவ எதுக்கு அனுப்பப்போறா?" பெத்யூன் சிரித்தார். "முதல் கடிதம்தான் வச்சுக்கிட்டிருப்பா. அந்த இழை வருமே, அதுல. உனக்குத் தெரியாது நினியன், அவளுக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கும்."

"பிடிச்சிருக்கும்ங்க ஐயா."

அவர் தெருவில் இறங்கி நடந்தார். துறைப்பக்கத்திலிருந்து ஒரு மீன் தலை பறந்து வந்து தோளில் பட்டது. அவர் தொப்பியைத் தூக்கி அந்தப் பக்கம் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

வந்த கடிதத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் போஸ்ட்மாஸ்டருக்கு வேலை போகும், சிறைகூடக் கிடைக்கும். நினியன் தன் சட்டைப் பையைத் துழாவி இரண்டு பென்னி எடுத்துத் தபால் பெட்டகத்தில் போட்டார். ரசீதும் எழுதினார். காசு கொடுத்தவனுக்குத்தான் கடிதம்.